முதுகில் கட்டிய சொம்பு

இந்த வருஷப் புரட்டாசியிலும் மலைக்கு நடந்துதான் போனேன். நடந்துதான் திரும்பினேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், சனிக்கிழமை பஜனையில் என் பக்கத்தில் உட்காரும் உங்களில் பாதிப் பேர், நான் மகனுடைய காரில் போய்விட்டு வந்து நடந்ததாகக் கதை விடுகிறேன் என்று நினைக்கிறீர்கள். மீதிப் பேர், "இந்த வயசுல, அதுவும் அந்தக் கால வச்சிக்கினு, இவளுக்கு இன்னா வீம்பு" என்கிறீர்கள். வீம்புதான். இல்லை என்று யார் சொன்னது? அந்த வீம்பு எங்கே பிறந்தது என்று தெரிந்தால் நீங்கள் யாரும் என்னை வண்டியில் ஏறச் சொல்ல மாட்டீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை கிடையாது.

எனக்கு இரண்டு வயது முடிகிற சமயம் ஒரு ஜுரம் வந்ததாம். மூன்று நாள் கொதித்துவிட்டு நாலாம் நாள் ஜுரம் இறங்கியது. கூடவே இடது காலும் இறங்கிவிட்டது. இப்போது பிறந்த பிள்ளைக்கெல்லாம் வாயில் சொட்டு மருந்து விடுகிறார்களே, அது எங்கள் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். கால் சூம்பிப்போனது. நடக்கும்போது இடது கையால் தொடையை அழுத்திக்கொண்டால்தான் அந்தக் கால் என்னைத் தாங்கும். அழுத்தி ஊன்ற வேண்டும், வலது காலை எடுத்து வைக்க வேண்டும், மறுபடி அழுத்த வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு அடிக்கும் யாருக்கோ குனிந்து கும்பிடு போடுகிற மாதிரி இருக்கும். என் பாவாடை எல்லாவற்றிலும் இடது தொடைப் பக்கம் சாயம் போய், என் கை அளவுக்கு ஒரு வெளுத்த திட்டு இருந்தது. புதுப் பாவாடை கட்டிய பத்தாம் நாளே அந்தத் திட்டு வந்துவிடும்.

இது ஜுரத்தால் வந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. அம்மா என்னை வயிற்றில் சுமந்திருந்தபோது மலைப் பெருமாளுக்கு ஒரு வேண்டுதல் வைத்தாள். நல்லபடியாகப் பிள்ளை பிறந்தால் புரட்டாசியில் நாமச் சொம்பு எடுத்து நடந்து வருகிறேன் என்று. பிள்ளை பிறந்தது. அந்தப் புரட்டாசியில் அம்மா போகவில்லை. அடுத்த புரட்டாசியிலும் போகவில்லை. அப்புறம் ஜுரம் வந்தது. அப்பாவின் அண்ணனான என் பெரியப்பா இதையும் அதையும் சேர்த்து ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"பெருமாளுக்குச் சொன்னத செய்யல. அவுரு கால எடுத்துக்கினாரு."

வீட்டுக்கு யார் வந்து என் காலைப் பார்த்தாலும் பெரியப்பா இதைச் சொல்லுவார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பெரியப்பா கெட்டவர் இல்லை. ஜுரம் வந்த அன்று என்னைத் தோளில் போட்டுக்கொண்டு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தான். ஆனால் எங்கள் வீட்டில் எந்த வயலில் எதைப் போடுவது என்பதிலிருந்து எங்கள் அடுப்பில் என்ன குழம்பு என்பது வரைக்கும் அவர் வாய்ச்சொல்தான். நைனா என்று நாங்கள் கூப்பிடும் என் அப்பா, அண்ணன் எதிரில் தலையாட்டுவதற்கு மட்டும் கழுத்து வைத்திருந்தார்.

நாமச் சொம்பு உங்களுக்குத் தெரியும். பேரப்பிள்ளைகள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்து, மூன்று கோட்டு நாமம் இட்டு, கழுத்தில் துளசி சுற்றி, புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போய் 'கோவிந்தா' போட வேண்டும். வீட்டுக்கு ஒரு கை அரிசி விழும். எங்கள் ஊரில் மூன்றாம் சனிக்கிழமை அந்தச் சொம்போடு மலைக்கு நடந்து போய், எல்லாச் சொம்பு அரிசியையும் ஒன்றாகக் கொட்டி அங்கேயே சமைத்துப் பெருமாளுக்குத் தளிகை போடுவார்கள். வழியில் சொம்பு தரையில் படக் கூடாது. எடுத்தவர்தான் கொண்டு சேர்க்க வேண்டும், இன்னொருவர் கைக்கு மாற்றக் கூடாது. களைத்தால் உட்காரலாம், மடியில் வைத்துக்கொள்ளலாம்.

நான் ஐந்தாவது முடித்த வருஷம் அது. ஆறாவதுக்கு ஏரிக்கரை மேலேயே இரண்டு மைல் நடந்து அடுத்த ஊருக்குப் போக வேண்டும். ஜூன் மாதம் என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள். நான் உள்ளே உட்கார்ந்து விதைக்கு வேர்க்கடலை உரித்தேன். கடலைத் தோல் உடைகிற சத்தத்தில் அவர்கள் பேச்சு கேட்காமல் இருக்கும் என்று வேகவேகமாக உரிப்பேன். அந்த வருஷம் எங்கள் வீட்டில் விதைக்கடலைக்குப் பஞ்சமே இல்லை.

ஆவணியில் எங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். "அந்தப் பள்ளிக்கூடத்துப் பெரிய சார்கிட்ட பேசியிருக்கேன். காலாண்டு லீவு முடிஞ்சு தொறக்கற அன்னைக்கு இட்டுக்கினு வாங்க. அதுக்கு மேல ஆச்சுன்னா பேரு எழுத மாட்டாங்க" என்றார்.

பெரியப்பா சிரித்தார். "போவ ரெண்டு மைலு, வர ரெண்டு மைலு. இன்னா டீச்சரம்மா வெளையாடறீங்களா? மழ காலத்துல ஏரிக்கரை மேல வழுக்கி வுழுந்தா யாரு தூக்கிக்கினு வர்றது?"

நான் கடலை முறத்தோடு வெளியே வந்தேன். "நான் நடப்பேன் பெர்ப்பா."

"எங்க, மலைக்கு நடந்துட்டு வா பாக்கலாம். அப்பால இஸ்கூலுக்கு நடப்ப."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அதுவரை தூணோடு தூணாக நின்றிருந்த நைனா வாயைத் திறந்தார்.

"அப்டியே வச்சிக்கலாம் அண்ணே. மலைக்கு நடந்து போய், நடந்து திரும்பி வந்துட்டான்னா சேத்துடலாம்."

நைனா அதை என்னைத் தடுப்பதற்குச் சொன்னாரா, எனக்கு வழி விடுவதற்குச் சொன்னாரா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. நான் யோசிக்கவும் இல்லை. "அம்மா சொம்ப நான் எடுக்கறேன்" என்றேன். பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எடுக்கட்டும். தண்டம் கட்டினாப்பல ஆவும்" என்றார். தண்டம் என்ற அந்த வார்த்தை களாமுள் மாதிரி உள்ளே போய் ஒடிந்துகொண்டது.

முதல் இரண்டு சனிக்கிழமையும் தெருத்தெருவாகப் போனேன். பின்னால் நாலு பிள்ளைகள் தொடையை அழுத்திக்கொண்டு என்னை மாதிரியே நடந்து காட்டினார்கள். அவர்களையும் சேர்த்து "கோவிந்தா" சொல்ல வைத்தேன். கோடிவீட்டு அம்மாள் சொம்பில் ஒரு கை அரிசி போட்டுவிட்டு இன்னொரு கையும் போட்டாள். "பாவம், காலு இல்லாத பொண்ணு" என்றாள். நான் குனிந்து பார்த்தேன்.

"ரெண்டும் கீதே அத்த. எல்லாருக்கும் ஒரு கைதான போட்டீங்க?"

சொல்லிவிட்டு ஒரு கை அரிசியை அள்ளி அவள் முறத்திலேயே திரும்பப் போட்டேன். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, "உன் பொண்ணுக்குக் காலுக்கும் சேத்து வாய வச்சிட்டாரு ஆண்டவன்" என்று கத்திவிட்டுப் போனாள். அம்மா என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். அப்புறம் அடுப்பங்கரையில் அவள் தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அம்மா சிரித்து அதற்கு முன்னால் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

மூன்றாம் சனிக்கிழமை வந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். இதை விட்டால் எனக்கு வேறு சனிக்கிழமை இல்லை.

கோழி கூப்பிடும் நேரத்தில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, மஞ்சள் பாவாடை கட்டி, வெறும் வயிற்றோடு கிளம்பினோம். அண்டா, காய்கறி, விறகு எல்லாம் மாட்டு வண்டியில் ரோடு சுற்றிப் போகும். நைனா வண்டி ஓட்ட, பெரியப்பா பின்னால் உட்கார்ந்துகொண்டார். ரோட்டில் ஏழு மைல். நடக்கிறவர்களுக்குக் கரம்பிலும் காட்டிலும் குறுக்கே நாலு மைல். ஊர் ஜனம் இருபது முப்பது பேர் 'கோவிந்தா' போட்டுக்கொண்டு நடந்தார்கள். கரம்பு தொடங்குகிற இடத்திலேயே அவர்கள் முன்னால் போய்விட்டார்கள். சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. அம்மாவும் நானும் சொம்பும் மிச்சம்.

கரம்பு என்றால் உங்களுக்குத் தெரியுமே, உழாத நிலம், ஊர் மாடெல்லாம் மேய்கிற வெளி. இப்போது பாதி வீட்டுமனையாகிக் கல் நட்டிருக்கிறார்கள். அன்றைக்குக் கண்ணுக்கு எட்டிய மட்டும் புல்லும் ஆவாரம் செடியும் தும்பையும், நடுநடுவே ஒற்றைப் பனையும்தான். முந்தின நாள் மழையில் மண் ஊறிக் கிடந்தது. சிவப்பு வெல்வெட் துணியில் வெட்டி எடுத்த மாதிரி சின்னச் சின்னப் பூச்சிகள் ஈர மண்ணில் ஊர்ந்தன. குனிந்து எடுக்க ஆசை. ஒரு கையில் சொம்பு, ஒரு கையில் தொடை. பார்த்துக்கொண்டே தாண்டினேன். காலடியில் கௌதாரி ஒன்று படபடவென்று எழும்பி என் உயிரை வாங்கியது. மலை அங்கிருந்தே தெரியும். அதுதான் கரம்பின் கொடுமை. எவ்வளவு நடந்தாலும் மலை அதே இடத்தில் அதே அளவில் நிற்கும்.

தொடையை அழுத்தும்போது 'கோ', ஊன்றும்போது 'விந்தா' என்று வைத்துக்கொண்டேன். அடிக்கு ஒரு கோவிந்தா. ஆயிரம் நாமம் சொல்கிறவர்கள் எல்லாம் உட்கார்ந்துகொண்டுதானே சொல்கிறார்கள்!

காட்டுக்குள் நுழைந்ததும் வெயில் போய்விட்டது. நம் பக்கத்துக் காட்டில் வானத்தைத் தொடுகிற மரமெல்லாம் கிடையாது. களா, காரை, சூரை, ஈச்சை என்று ஆள் உயரத்துக்குப் பின்னிக்கொண்டு நிற்கும், எல்லாம் முள். அந்த முள்ளுக்கு நடுவில் செங்காந்தள் மட்டும் நெருப்பு மாதிரி பூத்திருந்தது. இலை மக்கின வாசனை, நனைந்த ஆட்டுப் புழுக்கை வாசனை. முள்ளை ஒதுக்க எனக்கு மூன்றாவது கை இல்லை. ஒரு வேர் தடுக்கி மல்லாக்க விழுந்தேன். நான் கீழே, சொம்பு மேலே. இரண்டு கையாலும் நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன்.

"பட்டுச்சா?" என்றாள் அம்மா.

"படல."

அம்மா கேட்டது சொம்பை. நான் சொன்னதும் சொம்பைத்தான். முழங்கை கிழிந்து ரத்தம் வந்ததை நாங்கள் இரண்டு பேருமே அப்புறம்தான் பார்த்தோம்.

ஒரு பெரிய பாலை மரத்தடியில் உட்கார்ந்தோம். சொம்பு என் மடியில் இருந்தது. அம்மா என் காலைப் பிடித்துவிட்டபடி, காட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நீ பொறந்த வருஷமே நாமம் போட்டு, சொம்பு எடுத்துக்கினு வாசல்ல நின்னேன்டி. பச்ச ஒடம்போட காட்டுல போவக் கூடாது, காத்து கருப்பு அண்டும்னு உங்க பெர்ப்பாதான் உள்ள போவச் சொன்னாரு. மறு வருஷம் ஆத்துல வெள்ளம்னு சொல்லித் தடுத்தாரு. எங்க கீது ஆறு? செய்யாறு அந்தாண்ட கோடியில ஓடுது."

எட்டொன்பது வருஷமாக எங்கள் வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்ன கதையில், வாசலை மறித்து நின்றவர் கதை சொன்னவரேதான்.

"நீ ஏம்மா சொல்லல?"

"யாராண்ட சொல்றது? அவுரு மறந்துட்டாரு."

"நீ?"

"நான் எப்டிடி மறப்பேன்?"

அப்போதுதான் ஆடுகள் வந்தன. அவற்றுக்குப் பின்னால் காட்டோரக் குடிசையில் இருக்கிற ஆட்டுக்காரம்மா. இரண்டு நாள் குட்டி ஒன்றைப் பழைய சேலைத் துணியில் தூளி மாதிரி முதுகில் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்து நின்றாள்.

"இன்னாடி பொண்ணே, புள்ளைய மடியில போட்டுக்கினு குந்தின மாரி சொம்ப வச்சிக்கினு கீற? உங்க ஜனமெல்லாம் எப்பவோ மேல ஏறிடுச்சே."

"நாங்களும் ஏறத்தான் போறோம்" என்றேன்.

"எப்டி ஏறுவ? வழுக்குப் பாறையில ஒரு கையாவது ஊணாம நல்ல காலுக்காரனே ஏற முடியாது. சொம்ப வாயில கவ்விக்குவியா?"

அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. வழுக்குப் பாறையை நாங்கள் யோசிக்கவே இல்லை. மற்ற வருஷங்களில் சொம்பு எடுப்பவர்களுக்கு ஒரு கை மிச்சம் இருக்கும், அதனால் அது யாருக்கும் ஒரு பேச்சாகவே இருந்ததில்லை.

ஆட்டுக்காரம்மா முதுகுத் துணியை அவிழ்த்தாள். குட்டியைத் தரையில் விட்டாள். அது நாலு காலையும் நாலு திசைக்கு விரித்துக்கொண்டு நின்று, விழுந்து, மறுபடி நின்றது. "நடக்கட்டும். எத்தினி நாளிக்கிச் சவாரி பண்ணும்" என்றாள். துணியை உதறி என் முன்னால் விரித்தாள். "நான் சொம்பத் தொடல தாயி. நீயே உள்ள வச்சிக்கோ. நான் முடிச்சு மட்டும் போடறேன்."

"துணி ஆட்டு வாசன அடிக்குதே" என்று அம்மா இழுத்தாள்.

"அரிசிதான? வெந்தா சரியாப் போவும்." முடிச்சை என் நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டினாள். "திரும்பி வரச்சொல்ல இந்த மரத்துல கட்டிட்டுப் போ. நான் எடுத்துக்கறேன்."

எனக்கு அதில் பிடித்த வார்த்தை 'திரும்பி வரச்சொல்ல'. நான் திரும்பி நடந்து வருவேன் என்று அன்றைக்கு நம்பின ஒரே ஆள் அவள்தான்.

வழுக்குப் பாறையில் இரண்டு கை, ஒரு முழங்கால், ஒரு பாதம் என்று ஏறினேன். சூம்பின கால் பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தது. முதுகுத்தண்டில் சொம்பின் குளிர்ச்சி. நான் அசையும்போதெல்லாம் உள்ளே அரிசி 'ஸ்ஸ்' என்று நகர்ந்தது, யாரோ காதருகில் மூச்சு விடுகிற மாதிரி. அம்மா ஒரு கையைப் பாறையில் ஊன்றி, நான் விழுந்தால் பிடிக்க இன்னொரு கையை நீட்டியபடியே பின்னால் ஏறினாள். மேலே போய்ச் சேர்ந்தபோது முழங்கால் தோல் போயிருந்தது. வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மண்டபத்தில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது.

நாலு காலில் ஊர்ந்து வந்த என்னைப் பெரியப்பாதான் முதலில் பார்த்தார்.

"ஏய், நில்லு! இன்னா இது? சாமி சொம்ப மூட்ட மாரி முதுவுல கட்டிக்கினு வர்ற? இது யாரு வூட்டுத் துணி? குடலப் பொரட்டுது நாத்தம்!"

ஜனம் திரும்பிப் பார்த்தது. பெரியப்பாவின் குரல் மண்டபத்தில் எதிரொலித்தது. "தலையில வைக்கலாம், இடுப்புல வைக்கலாம். பின்னால கட்டுவாங்களா? இது செல்லாது. எடுத்ததும் வீண், நடந்ததும் வீண்."

நைனா அண்டாப் பக்கம் விறகோடு நின்றிருந்தார். தரையைப் பார்த்தார். என் பள்ளிக்கூடம் அந்த ஒரு வார்த்தையில் கையைவிட்டுப் போவது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

அம்மா ஓடிப்போய்ச் சன்னதி வாசலில் விழுந்தாள். "தெரியாம பண்ணிட்டோம் பெருமாளே, மன்னிச்சிடு, மன்னிச்சிடு" என்று நெற்றியைத் தரையில் முட்டினாள்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "எம்மா, ஏந்திரி! நீ இன்னா தப்பு பண்ண? மன்னிப்பு கேக்காத!"

கத்திவிட்டு நிற்க முடியாமல் பக்கத்துத் தூணைப் பிடித்தேன். கை பட்ட இடத்தில், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்துப்போன ஒரு ஆமை செதுக்கியிருந்தது. அதன் முதுகில் ஒரு மலை. பாற்கடல் கடைந்த ஆமை. கூத்தில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

"பெர்ப்பா, இது யாரு?"

"எதுடி? அதுவா? பெருமாளுதான், ஆமையா வந்தவரு."

"அவுரு முதுவுல இன்னா கீது?"

பெரியப்பா ஆமையையும் என்னையும் மாறி மாறி முறைத்தார்.

"அவுரு மட்டும் மலைய முதுவுல தூக்கலாம், நான் அவுரு அரிசிய முதுவுல தூக்கக் கூடாதா?"

கூட்டத்தில் யாரோ பக்கென்று சிரித்துவிட்டார்கள். பெரியப்பா கை ஓங்கிக்கொண்டு வந்தார். அதற்குள் பட்டாச்சாரியார் ஈர வேட்டியோடு சன்னதியிலிருந்து வெளியே வந்துவிட்டார். அவருக்குத் தளிகைக்கு நேரமாகிவிட்ட அவசரம்.

"சொம்பு தரையில பட்டுதா?"

"படல சாமி."

"வேற யாராவது தூக்கினாளா?"

"இல்ல சாமி."

"அப்போ கொண்டா இப்படி. உலை காயறது."

"சாமி, ஆட்டுத் துணி..." என்றார் பெரியப்பா.

"மாடு மேய்ச்சவருக்கு ஆட்டு வாசனை புதுசா என்ன?" என்று சொல்லிக்கொண்டே பட்டாச்சாரியார் சொம்பை வாங்கி அரிசியை மற்றவர்கள் அரிசியோடு கொட்டினார். அவ்வளவுதான். எது ஆட்டுத் துணி அரிசி, எது மற்ற அரிசி என்று அப்புறம் யாரும் பிரிக்க முடியாது.

பாலை மரத்தடியில் அம்மா சொன்னதை அங்கேயே எல்லார் முன்னாலும் சொல்லிவிட வாய் துடித்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன். அதை ஐம்பது வருஷம் அடக்கி வைத்திருந்து இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன். பெரியப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. எழுதினால் என்ன?

தீபாராதனையின்போது எல்லாரும் எனக்காக வேண்டினார்கள், கால் சரியாக வேண்டும் என்று. நான் காலைக் கேட்கவில்லை. பெருமாள் முகத்தைப் பார்த்து மனதுக்குள் இவ்வளவுதான் சொன்னேன்: 'நீ என் காலை எடுத்துக்கொண்டாய் என்று சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. நான் தண்டம் கட்ட வரவில்லை. உன்னைப் பார்க்க வந்தேன்.' கற்பூர வெளிச்சத்தில் அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் உங்களுக்கு எழுதிக் காட்ட முடியாது. எட்டாவதுதானே படித்திருக்கிறேன்.

பிரசாதம் சாப்பிட்டுவிட்டு இறங்கினோம். அடிவாரத்தில் வண்டி பூட்டி நின்றது. மேகம் திரண்டுகொண்டிருந்தது. என் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. பெரியப்பா வண்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே தன் துண்டையும் விரித்தார்.

"ஏத்துடா அவள. போனதே போதும்."

இப்போது நினைத்தால் அது அவருடைய பாசம் என்று தெரிகிறது. அந்த வைக்கோல் அவ்வளவு மெத்தென்று இருந்தது. ஆனால் அதில் ஏறினால் திங்கட்கிழமை இல்லை.

"ஏற மாட்டேன். திரும்பியும் நடக்கணும்னுதான் பேச்சு."

"யாருடி இப்ப பேச்சப் புடிச்சிக்கினு தொங்கறது? மழ வரப் போவுது. டேய், உன் பொண்ணுகிட்ட சொல்லுடா!"

நைனா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றிருந்தார். மூக்கணாங்கயிறு அவர் கையில். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அப்புறம் கயிற்றைக் கொண்டுபோய்த் தன் அண்ணன் கையில் வைத்தார்.

"நீ ஓட்டு அண்ணே."

"இன்னாடா?"

"நான் நடந்து வரேன். பேச்சு நான் குடுத்தது."

என் நைனா தன் அண்ணன் சொல்லுக்கு மாறாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் என்னைத் தூக்கவில்லை, கையைப் பிடிக்கவும் இல்லை. பத்தடி முன்னால் போய்க்கொண்டே ஒரு குச்சியால் முள்ளை அடித்து ஒதுக்கிக்கொண்டு போனார். நின்றால் நின்றார், நடந்தால் நடந்தார். பாலை மரத்தடியில் ஒரு கிளையை வளைத்துப் பிடித்தார். நான் துணியைக் கட்டினேன். கரம்பில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் தொப்பலாக நனைந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊருக்குள் வந்தோம். கோடிவீட்டு அம்மாள் வாசலில் நின்று வாயைப் பிளந்தாள்.

திங்கட்கிழமை பெரிய சார் என் காலைப் பார்த்துவிட்டு, "தினம் வந்துடுவாளா?" என்று கேட்டார். "மலைக்கே போய் வந்தவ சார்" என்றார் நைனா. எட்டாவது வரைக்கும் ஒருநாள் விடாமல் போனேன். ஏரிக்கரையில் வழுக்கி விழுந்தேன், பல தடவை. ஒரு தடவைகூட யாரும் என்னைத் தூக்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது கிடையாது. பள்ளிக்கூடம்தான் நின்றது, நான் நிற்கவில்லை.

அந்தச் சொம்பு பாகம் பிரித்தபோது பெரியப்பா பக்கம் போய், அவர் மருமகள் அதைப் போட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்கிவிட்டாள். இப்போது என்னிடம் இருப்பதும் எவர்சில்வர்தான். நாமம் நிற்காமல் வழிகிறது. காட்டைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள், ஆட்டுக்காரர்கள் வளைத்து வைத்த சந்து வழியாகத்தான் நுழைகிறேன். மலையின் பின்பக்கத்தைக் கல்லுடைக்கிறவர்கள் பாதி தின்றுவிட்டார்கள். பாலை மரத்து இலையெல்லாம் வெள்ளைத் தூசி. வழுக்குப் பாறையில் இரும்புக் கம்பி நட்டு, ஆமைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பெயிண்ட் அடித்தால் என்ன, முதுகில் மலை அப்படியேதான் இருக்கிறது. சொம்பை ஒரு துண்டில் சுற்றி நான் முதுகில்தான் கட்டிக்கொண்டு ஏறுகிறேன். மேலே போனால் யாராவது ஒருத்தர், "அம்மா, இன்னா வேண்டுதல்?" என்று கேட்பார்கள். "ஒண்ணும் இல்ல. பாக்க வந்தேன்" என்பேன்.

இந்த வருஷம் இறங்கி வந்தபோது அடிவாரத்தில் மகன் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். ஏ.சி. போட்டு, பின் சீட்டில் தலையணை வைத்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். பாசம்தான். எனக்குத் தெரியாதா?

"ஏறும்மா. கால் எப்டி வீங்கியிருக்கு பாரு. போனதே போதும்."

நான் கிட்டே போய், கதவை நானே சாத்தினேன்.

"நீ ஓட்டுப்பா."